ரெக்கார்டு நோட்டில் மட்டும் சாயும் கப்பல்: லேப் எப்படி நடத்துவது?

கடியபட்டணத்துக்காரி எழுதியது:

வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பிள்ளைகளுக்குக் கப்பல் வடிவமைப்பு அடிப்படைகளை விருப்பப் பாடமாக எடுக்கிறேன். அடுத்த வருடம் அதற்கு ஒரு லேப் சேர்க்கிறோம். சிலபஸ் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. 30 மணி நேரம். கையில் இருப்பது 3 மீட்டர் நீளத்தில் ஒரு பழைய சிமெண்ட் தொட்டி, தச்சுப் பட்டறை, 15,000 ரூபாய். மாடலை இழுத்துப் பார்க்கும் டோயிங் டேங்க் எல்லாம் கனவில்தான்.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் ஏற்கெனவே மெட்டாசென்டர் சோதனை ஒன்று உண்டு. மிதக்கும் பொருள் லேசாகச் சாயும்போது தண்ணீரின் தூக்குவிசைக் கோடு அதன் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிதான் மெட்டாசென்டர். ஈர்ப்பு மையத்துக்கு மேலே அது இருக்கும் தூரம்தான் மெட்டாசென்டர் உயரம், அது இருந்தால்தான் சாய்ந்தது நிமிரும். தகரப் பெட்டி, நடுவில் ஒரு கம்பி, அதில் நகரும் எடை. பழைய ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினேன். மூன்று பேட்ச் நோட்டிலும் முதல் ரீடிங் 4.83 டிகிரி. பெட்டியின் அடியில் ஓட்டை விழுந்து எத்தனை வருடமோ!

போன மாதம் வைவாவில் ஒரு பையன் மெட்டாசென்டர் உயரத்துக்கான சூத்திரத்தை மூச்சுவிடாமல் சொன்னான். குளச்சல்காரன், அப்பா வள்ளத்தில் போகிறவர். "வள்ளத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "மறியும் மேடம்." "ஏன்? நீ இப்போது சொன்ன சூத்திரத்தை வைத்துச் சொல்லு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அது வேற மேடம், இது சிலபஸ்."

எனக்குத் தூக்கம் போனது அன்றைக்குத்தான். எத்தனை சோதனை வைக்கலாம்? மார்க்கை எப்படிப் பிரிப்பது? பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போகலாமா?

---

பழைய யார்டு, தக்கலை எழுதியது:

டீச்சர், 12 சோதனை எழுதிக் கொடுங்கள் என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நாலு போதும். நான் கொச்சியில் கப்பல் கட்டும் வேலையில் 22 வருடம் இருந்தவன். கட்டி முடித்த கப்பலைச் சாய்த்துப் பார்க்கும் அந்த ஒரு சோதனைக்கே எங்களுக்கு முழு நாள் போகும். காற்று எழும்பாத விடிகாலையாகப் பார்ப்போம், கட்டிய கயிறுகளைத் தளர்த்துவோம், வேலையில்லாத ஆளை எல்லாம் இறக்கிவிடுவோம். தூக்குக்குண்டு ஆடாமல் இருக்க அதன் நுனி எண்ணெய் வாளிக்குள் கிடக்கும். அப்புறம்தான் எடையை நகர்த்துவது.

இதையே உங்கள் தொட்டியில் செய்யலாம். 6 மி.மீ. பிளைவுட்டில் 60 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்துக்குப் பெட்டி அடியுங்கள். மணல் பை வைத்து மொத்தம் 6 கிலோ ஆக்கினால் சரியாக 5 செ.மீ. அமிழும். மிதப்பு மையம், அதாவது அமிழ்ந்த பகுதியின் மையம், அடியிலிருந்து 2.5 செ.மீ. அங்கிருந்து மெட்டாசென்டர் வரை அகலத்தின் வர்க்கத்தை 12 மடங்கு ஆழத்தால் வகுத்தால் 6.67. ஆக மெட்டாசென்டர் 9.17 செ.மீ. உயரத்தில். மணல் பைகளை ஒரு பலகைமேல் ஏற்றி ஈர்ப்பு மையத்தை 6 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். மீதி 3.17 செ.மீ.தான் மெட்டாசென்டர் உயரம். அந்த 6 கிலோவுக்குள்ளேயே இருக்கிற 200 கிராம் எடை ஒன்றை 8 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தினால், 30 செ.மீ. நூலில் தொங்கும் குண்டு இரண்டரை செ.மீ. விலக வேண்டும். விலகாது! பசை அதிகம், பலகை வளைவு, நூல் உரசுவது என்று ஏதாவது இருக்கும். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடுவதுதான் லேப்.

இரண்டாவது சோதனைக்குச் செலவே இல்லை. பெட்டியை லேசாகச் சாய்த்து விட்டுவிட்டு, 10 முறை ஆட எவ்வளவு நேரம் என்று போனில் பாருங்கள். 9 நொடிக்குக் கொஞ்சம் கூட வரும். ஈர்ப்பு மையத்தை இறக்கினால் வெடுக்வெடுக்கென்று ஆடும், ஏற்றினால் சோம்பலாக ஆடும். சோம்பலாக ஆடுகிற கப்பலில்தான் எங்களுக்குப் பயம்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. 40க்கு 18 செ.மீ. மெல்லிய தகரத் தட்டில் இரண்டு செ.மீ. தண்ணீர் ஊற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். அதே அளவு மணலை எடுத்துவிடுங்கள், ஈர்ப்பு மையத்தின் உயரம் மாறக் கூடாது. தட்டுத் தண்ணீர் அலம்புவதால் குறையும் மெட்டாசென்டர் உயரம் 3.24 செ.மீ. உங்களிடம் இருந்ததோ 3.17. பெட்டி நிமிர்ந்து நிற்காது, ஒரு பக்கம் சரிந்து அங்கேயே கிடக்கும். இப்போது தட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பு ஒட்டுங்கள். இழப்பு நாலில் ஒரு பங்காகிவிடும், பெட்டி எழுந்து நிற்கும். தொட்டிகளுக்கு நடுவே ஏன் தடுப்பு வைக்கிறார்கள் என்று அப்புறம் போர்டில் எழுத வேண்டிய தேவையே இல்லை.

நாலாவதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.

மார்க் விஷயம். சோதனைக்கு முன்னால் "இவ்வளவு சாயும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குப் பாதி. ஏன் அப்படி வரவில்லை என்பதற்கு மீதிப் பாதி. சரியான விடைக்கு மார்க்கே வேண்டாம் என்பேன். கமிட்டி ஒத்துக்கொள்ளாது, 5 போட்டுக்கொள்ளுங்கள். விடைக்கு மார்க் வைத்தால் 4.83 திரும்பவும் பிறந்துவிடும்.

---

எஞ்சின்ரூம், வள்ளவிளை எழுதியது:

லீவில் ஊரில் இருக்கிறேன், அதனால் சுருக்கமாக. பெரியவர் சொன்னது கப்பல் கட்டுகிற பக்கம். கப்பல் ஓட்டுகிற பக்கம் என்று ஒன்று இருக்கிறதே மேடம். 30 மணியில் ஆறு மணியையாவது ஒரு பழைய அவுட்போர்டு எஞ்சினுக்கு, அதாவது படகின் பின்னால் மாட்டும் எஞ்சினுக்கு, கொடுங்கள். குளச்சலில் மெக்கானிக்கிடம் கேட்டால் செத்த எஞ்சின் கிடைக்கும். தண்ணீர் பம்பைக் கழற்றி தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைக் கையில் கொடுங்கள். மணல் தின்ற இதழ் எப்படி இருக்கும் என்று தடவிப் பார்த்த பையன், எஞ்சின் சூடானால் முதலில் எங்கே பார்ப்பது என்பதை மறக்க மாட்டான். நானே படிக்கும்போது பம்பு என்றால் போர்டில் போட்ட வட்டம்தான். முதல் கப்பலில் செகண்ட் எஞ்சினியரிடம் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது.

கடலுக்கு 30 பேரைக் கூட்டிப் போக வேண்டாம். மீன்பிடித் தடைக்காலத்தில் துறைமுகத்துக்குப் போங்கள். நம் ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் வருகிறது, டைம்டேபிளுக்கு வசதி. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள். புரொப்பல்லரையும் சுக்கானையும் ஆற அமர அளந்து வரலாம்.

---

பூதப்பாண்டிப் பையன் எழுதியது:

மேம், நான் ஃபைனல் இயர், வேறு காலேஜ். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2003ல் தொடங்கிய சீபெர்ச் என்ற மாணவர் ரோபோத் திட்டம் மாதிரி, பி.வி.சி. பைப்பில் மூன்று மோட்டார் வைத்துத் தண்ணீருக்குள் ஓடும் வண்டி செய்தோம். மோட்டாரை வைக்கும் டப்பாவுக்குள் மெழுகு அடைக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் ஏறாது. நாங்கள் அவசரத்தில் சூட்டு மெழுகை ஊற்றி ஒரு மோட்டாரைக் கெடுத்தோம். ஆறவிட்டு, பிசைகிற பதத்தில் அடைக்கவும். எங்கள் ஊர்க் குளத்தில் ஓட்டினோம். கலங்கல் தண்ணீரில் கேமரா ஒன்றும் காட்டாது, அதையும் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

---

கடியபட்டணத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை பட்டறையில் பெட்டி அடித்துவிட்டோம். யார்டு சார், குண்டு 2.1 செ.மீ.தான் விலகியது. அரை மணி நேரம் தேடி, நூல் கட்டிய கம்பி பலகையில் உரசுவதைக் கண்டுபிடித்தது ஒரு பெண். தட்டில் தண்ணீர் ஊற்றியதும் பெட்டி சரிந்து அப்படியே கிடந்தது. குளச்சல் பையன் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வள்ளத்தில் ஐஸ் உருகித் தண்ணீர் நின்றால் அப்பா முதலில் அதைக் கோரி ஊற்றச் சொல்வார் என்றான். நாலாவது சோதனையை அவனையே எழுதச் சொல்லியிருக்கிறேன். ஐஸ் பெட்டியோடு வருவான் போலிருக்கிறது.

அவுட்போர்டுக்கு ஆறு மணி முடியாது அண்ணே, நாலு தருகிறேன். இன்னொன்று, சாதா பிளைவுட் ஒரே வாரத்தில் உப்பிவிட்டது. தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் வெட்டுத் துண்டுகள் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எங்கே கிடைக்கும்? முழு ஷீட் வாங்க பட்ஜெட் இடம் கொடுக்காது.