உதவி: சின்ன அட்வென்ச்சர் பிடிஎஃப் வாங்குறதுக்கு முன்னாடியே தேறுமா தேறாதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

ஞாயிறுடேபிள்:
எல்லாருக்கும் வணக்கம். டி அண்ட் டி (பகடை உருட்டி, பேசிப் பேசியே கதை ஆடுற டேபிள் கேம்) 5ஆம் எடிஷன், நான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துற ஆள், ஆகி எட்டு மாசம் ஆச்சு. நாலு பிளேயர், எல்லாரும் வேலைக்கு போறவங்க, மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் கிடைச்சாலே பெரிய விஷயம், அதனால பெரிய புக் பக்கமே போகாம ஒன்-ஷாட்டா, அதாவது ஒரே உக்காரல்ல முடியுற மாதிரி கதை, ரூம், மான்ஸ்டர் எல்லாம் எழுதி வச்ச சின்ன அட்வென்ச்சரா, வாங்கி நடத்துறேன். போன தடவை வாங்கினது 24 பக்கம், 5 டாலர், கவர் படம் அவ்ளோ அழகு, ரேட்டிங் எல்லாம் அஞ்சு ஸ்டார். ரெண்டு ராத்திரி உக்காந்து படிச்சேன். கதை நெஜமாவே நல்லா இருந்துச்சு, கோயில் மணி வார்க்குற ஒருத்தர், செத்துப்போன மகளோட குரல் மணியில கேக்கணும்னு ஏதோ பண்ணி சாபம் வாங்கிக்கிறார், படிக்கும்போதே எனக்கு தொண்டை அடைச்சுது.

ஆனா டேபிள்ல 50 நிமிஷத்துல நின்னுபோச்சு. மூணாவது ரூம்ல ஒரு ரகசிய கதவு, அதை யாரும் கண்டுபிடிக்கல. சுவத்தை தட்டுறாங்க, தரையை தட்டுறாங்க, ஒருத்தர் போனை எடுத்துட்டார். கடைசியா நானே "சரி, கதவு தெரியுது"ன்னு சொல்லி தள்ளிவிட்டேன், அதுக்கப்புறம் யாருக்கும் மனசு ஒட்டல. தப்பு என்னோடதா அட்வென்ச்சரோடதா? முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

பகடைப்பை:
அந்த மூணாவது ரூம்ல என்ன எழுதிருக்குன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க. கதை வேணாம், ரூம் மட்டும்.

ஞாயிறுடேபிள்:
படிச்சு காட்ட வேண்டிய பாக்ஸ் டெக்ஸ்ட் 11 வரி. தூசி, மெழுகு வாசனை, பழைய புத்தகம், கிழிஞ்ச திரை. அதுக்கு கீழ, பெர்செப்ஷன் (கவனிக்கிற திறமை) டிஸி 15, அதாவது 20 முக பகடையும் திறமையோட போனஸும் சேந்து 15 வந்தா, அலமாரிக்கு பின்னாடி கதவு தெரியும்னு ஒரு வரி. அப்புறம் ஒரு பெரிய பாரா, அந்த மணி வார்க்குறவர் ராத்திரியில இங்க வந்து அழுவாருன்னு. அவ்ளோதான்.

பகடைப்பை:
அப்போ தப்பு உங்களோடது இல்ல. கணக்கு போட்டு பாருங்க, பெர்செப்ஷன் +3 இருக்கிறவர் டிஸி 15 எட்ட பகடையில 12ஓ அதுக்கு மேலயோ விழணும், 20ல 9 வாய்ப்பு, 45 சதவீதம். ரெண்டு பேர் தேடினாலும் பத்துக்கு மூணு டேபிள்ல ரெண்டு பேருமே கோட்டை விடுவாங்க. மொத்த கதையும் அந்த ஒரு கதவுக்கு பின்னாடி இருக்கு, திறக்க ஒரே ஒரு பகடை. எழுதினவர் இதை வேற ஆளுங்க கையில குடுத்து நடத்தி பாத்திருந்தா முதல் நாளே இது தெரிஞ்சிருக்கும்.

இந்த மாதிரி கேம் பத்தி பிளாக் எழுதுற ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008ல எழுதின மூணு துப்பு விதி இதுக்குத்தான். பிளேயர் ஒரு முடிவுக்கு வரணும்னா அதுக்கு குறைஞ்சது மூணு துப்பு வைக்கணும், ஒன்னை பாக்காம போவாங்க, ஒன்னை தப்பா புரிஞ்சுக்குவாங்க, ஒன்னாவது கையில சிக்கும்.

நல்ல உதாரணம் வேணும்னா கால் ஆஃப் கதுல்ஹுன்னு ஒரு திகில் கேம், அதோட 'தி ஹான்டிங்' அட்வென்ச்சரை படிங்க, 1981ல முதல் எடிஷன்லயே வந்தது, இப்போ குயிக்-ஸ்டார்ட்ல (புதுசா ஆடுறவங்களுக்கான சின்ன விதி புக்) இலவசமாவே கிடைக்குது. பாஸ்டன்ல ஒரு பேய் வீடு. பழைய பேப்பர், நூலகம், பதிவு ஆபீஸ், எங்க போனாலும் அந்த வீட்டைப் பத்தி கொஞ்சம் கொஞ்சமா கிடைக்கும். எதுக்குமே போகாம நேரா வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் ஆட்டம் நிக்காது, என்ன, தெரியாம போனதுக்கு விலை குடுப்பாங்க. மாடியில ஒரு கட்டில் இருக்கு, அது தானா நகந்து வந்து ஆளை ஜன்னலோட வெளிய தள்ளும். நான் நடத்தினப்போ அந்த இடத்துல ஒருத்தர் நாற்காலியை பின்னாடி இழுத்துக்கிட்டார். எழுதினது கொஞ்சம், டேபிள்ல நடந்தது நிறைய. அட்வென்ச்சரோட தரம்னா எனக்கு இதுதான்.

வாங்குறதுக்கு முன்னாடி பிரிவ்யூ திறந்து முன்னுரையை தாண்டி நடுவுல ஒரு ரூமுக்கு போங்க. பிளேயர் கதவைத் திறந்து "நான் என்ன பாக்குறேன்?"னு கேட்டா மூணு வரிக்குள்ள பதில் சொல்ல முடியுதா? தொட, இழுக்க, திறக்க, பேச ஏதாவது இருக்கா? தொட்டா என்ன ஆகும்னு அதே பக்கத்துல போட்டிருக்கா? இல்லன்னா கவர் எவ்ளோ அழகா இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். பிரிவ்யூல கவர், உள்ளடக்கம், முன்கதை மட்டும் காட்டி ஒரு ரூம் கூட காட்டலன்னா எனக்கு அதுவே பதில்.

மேப்பிரியன்:
ஒரு விஷயத்துல மட்டும் ஒத்துக்க மாட்டேன். வாங்குற எல்லாரும் நடத்துறதுக்கு வாங்கறதில்ல. நான் நிறைய மாட்யூல் (அட்வென்ச்சர்தான்) படிக்கவே வாங்குறேன், மேப்புக்காக வாங்குறேன், அந்த மணி வார்க்குறவர் கதை எனக்கு 5 டாலர் பெறும். பிரச்சனை என்னன்னா படிச்சவங்களும் அதே அஞ்சு ஸ்டார்தான் போடுறாங்க, நடத்தினவங்களும் அதே அஞ்சு ஸ்டார்தான். அதனால ஸ்டாரை விட்டுட்டு கமெண்ட்டை படிங்க. "எங்க பார்ட்டி இந்த இடத்துல இப்படி பண்ணாங்க"ன்னு ஒரு வரி இருந்தா அது டேபிள்லேர்ந்து வந்தது. "அருமையான லேஅவுட், அழகான கதை"ன்னு இருந்தா படிச்சதோட சரி.

விலை விஷயத்துல ரொம்ப யோசிக்காதீங்க, 5 டாலரை விட உங்க ரெண்டு ராத்திரிதான் பெரிய செலவு. அதுக்காகவே நான் பக்கம் கம்மியா இருக்கிறதை தேடுவேன். ஒன் பேஜ் டன்ஜன் போட்டி 2009லேர்ந்து நடக்குது, எல்லாம் ஒரே பக்கம், இலவசம். அரை மணியில படிச்சு அன்னைக்கே நடத்தலாம். எல்லாமே நல்லா இருக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா பத்து படிச்சீங்கன்னா கண்ணு பழகிடும்.

ஞாயிறுடேபிள்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அதே அட்வென்ச்சரை தூக்கிப் போட மனசு வரல, மூணாவது ரூமை மட்டும் மாத்தி நேத்து அக்கா பசங்களுக்கு நடத்தினேன். 11 வரியை ரெண்டு வரி ஆக்கினேன். அலமாரிக்கு மேல ஒரு மணிக்கயிறு சுவத்துக்குள்ள போகுது, மெழுகுவத்தி சுடர் அலமாரி பக்கமா சாயுது, தரையில ஒரு பொம்மை பாதி அலமாரிக்கு அடியில மாட்டியிருக்கு. சின்னவ பொம்மையை எடுக்கப் போனா, பெரியவன் கயிறை இழுத்துட்டான். உள்ள மணி அடிச்சு அதுல ஒரு பொண்ணு "அப்பா"ன்னு கூப்பிடுற குரல். ரெண்டும் அப்படியே உறைஞ்சு போச்சு. நாலு பக்க முன்கதையை நான் ஒரு வரி கூட சொல்லல, அவங்களே கேட்டு கேட்டு கண்டுபிடிச்சாங்க.

இன்னொரு இடத்துல மாட்டினேன். லெவல் 1க்குன்னுதான் (புதுசா ஆரம்பிக்கிற கேரக்டர்) போட்டிருக்கு, கடைசியில ஒரு ஆகர், ராட்சசன் மாதிரி. முதல் அடியிலயே சின்னவளோட விசர்ட் (மந்திரவாதி கேரக்டர்) விழுந்துட்டா. அழுகை வந்துருச்சு.

பகடைப்பை:
ஆகரோட அடி 2டி8+4, அதாவது ரெண்டு எட்டு முக பகடையோட 4 சேத்து, சராசரி 13. லெவல் 1 விசர்டுக்கு எச்பி (உயிர்ப் புள்ளி) ஏழோ எட்டோ தான். இதையும் வாங்குறதுக்கு முன்னாடி பாக்கலாம், கடைசி மான்ஸ்டரோட சராசரி அடியையும் பார்ட்டியில கம்மி எச்பி உள்ளவங்களையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. இப்போதைக்கு அந்த விசர்ட் சாகல, மயக்கம்தான், அடுத்த செஷன்ல மணி சத்தம் கேட்டு கண்ணு முழிக்கிறான்னு ஆரம்பிங்க. ஆகருக்கு பதிலா அந்த மணி வார்க்குறவரையே நிக்க வைங்க, பொம்மை இன்னும் அவ கையிலதானே இருக்கு?

ஞாயிறுடேபிள்:
ஆமா, அவகிட்டதான் இருக்கு. கேரக்டர் ஷீட்ல "பொம்மை, ஒரு கண் இல்ல"ன்னு அவளே எழுதி வச்சிருக்கா. இந்த சனிக்கிழமை நடத்திட்டு வந்து சொல்றேன்.