மறு: புற்றும் விந்தகமும் சேர்ந்த ஆன்டிஜென், தமிழில் எப்படி?

கும்பகோணத்திலிருந்து:

நோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'cancer-testis antigen' என்பதற்குத் தமிழ், இந்த ஒரு சொல்தான் பாக்கி. விந்தகம் என்பது விந்தணு உண்டாகும் உறுப்பு; ஆன்டிஜென் என்பது உடலின் நோயெதிர்ப்பு அடையாளம் கண்டுகொள்ளும் பொருள்.

திருவையாற்று ஐயா தந்த 'விந்தகப்புற்று எதிர்ப்பொருள் தூண்டி' ஓசைக்கு அழகு. ஆனால் விந்தகத்தில் வரும் புற்று என்றுதான் யாரும் படிப்பார்கள். இந்த ஆன்டிஜென்களை உண்டாக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் விந்தணுவாகப் போகிற செல்களில்தான் வேலை செய்யும். மற்ற உறுப்புகளில் மெத்தில் என்னும் வேதிப்பொருள் ஒட்டி, பூட்டுப் போட்டுக் கிடக்கும். புற்றுச் செல்லில் அந்தப் பூட்டு கழன்றுவிடுகிறது. இந்த வகையில் 1991இல் முதலில் பிடிபட்ட மேஜ்-ஏ1, மெலனோமா என்ற தோல் புற்றில் கிடைத்தது. சூலகப் புற்றிலும் இவற்றில் சில இருக்கின்றன. கையேட்டைப் பிரிக்கும் ஒரு பெண்மணி, 'இது ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று மூடி வைத்துவிட்டால் என்ன செய்வது?

மன்னார்குடியிலிருந்து:

அந்த 'ப்' தான் கெடுத்தது அம்மா. ஒற்று மிகுந்தால் 'விந்தகத்தில் வரும் புற்று' என்ற வேற்றுமைத்தொகை ஆகிவிடும். உங்கள் ஊர் வெற்றிலைபாக்கைப் பாருங்கள், வெற்றிலையும் பாக்கும் என்ற உம்மைத்தொகை, ஒற்று மிகவில்லை.

அப்புறம், அந்த உறுப்புக்கு 'விரை' என்ற சொல் இருக்க விந்தகம் எதற்கு? எங்கள் பக்கம் விதைநெல்லே விரைநெல்தான். வைக்கோல் பிரி சுற்றி, சாணி மெழுகி, கோட்டை கட்டி வைப்பார்கள். முளைப்பு அதற்குள் அடங்கியிருக்க வேண்டும். ஐப்பசி மழையில் குறுவை சாய்ந்து, கதிரிலேயே வெள்ளை வெள்ளையாய் முளை விட்டதைப் பார்த்தவனுக்கு இந்த மரபணுவை விளக்கவே வேண்டாம். வகுப்பில் அப்படித்தான் சொல்கிறேன்.

திருவையாற்றிலிருந்து:

ஒற்றுப் பிழை என்னுடையது, ஏற்கிறேன். ஆனால் விரைக்கு மணம் என்றும் பொருள் உண்டு, 'விரைமலர்' நினைவிருக்கட்டும். விரைவும் உண்டு. மூன்று பொருள் தரும் சொல் மருத்துவத்துக்கு ஆகாது. ஆன்டிஜென்னுக்கு நான் தந்த எதிர்ப்பொருள் தூண்டியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கும்பகோணத்திலிருந்து:

சரி ஐயா. 'புற்று-விந்தகப் பொது ஆன்டிஜென்' என்று போடுகிறேன். 'பொது' வந்ததும் இரண்டுக்கும் உரியது என்பது தெளிவாகிறது. கொரோனா பரிசோதனையில் ஊரே கேட்ட சொல் ஆன்டிஜென், அது இருக்கட்டும். மன்னார்குடி சாரின் கதிர் முளைத்த உவமை அடுத்த பத்தியில் வருகிறது. சைனோவியல் சார்கோமா என்ற மென்திசுப் புற்றுக்கு 2024இல் அமெரிக்கா ஒப்புதல் தந்த சிகிச்சை, இதே வகை ஆன்டிஜென்னான மேஜ்-ஏ4ஐக் குறிவைக்கிறது. அதை விளக்கும் இடம் அது.

திருவையாற்றிலிருந்து:

'பொது' நல்ல சொல். ஆன்டிஜென்னுக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இரண்டாம் பதிப்பில் பேசுவோம்.