பாதம் தணலாய் எரிகிறது: மெக்சிலெட்டின் மருந்து எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

14 மாதமாக இரண்டு பாதமும் எரிகிறது, இப்போது 3 மாதமாகக் கைவிரல்களும். சாக்ஸ் போட்டாலோ, 10 நிமிடம் நடந்தாலோ, போர்வைக்குள் கால் போனாலோ போதும், செக்கச்செவேலென்று சிவந்து, தொட்டால் சுடும். சில நாள் விடியும்வரை அடங்காது. அடங்கிய பிறகு பார்த்தால் பாதம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், அதனால் டாக்டர் முன்னால் காட்ட எதுவும் இருக்காது (இப்போதெல்லாம் செல்போனில் படம் எடுத்துவிடுகிறேன்).

வயது 34. சர்க்கரை, பி12, தைராய்டு எல்லாம் சரி. நரம்புக் கடத்தல் சோதனையும் நார்மல்தான், ஆனால் அது பெரிய நரம்பிழைகளை மட்டுமே பார்க்கும், மெல்லிய இழைகளின் கோளாறு அதில் தெரியாது என்பது அப்புறம்தான் புரிந்தது. மூன்றாவதாகப் பார்த்த தோல் மருத்துவர்தான் இது எரித்ரோமெலால்ஜியா, அதாவது கைகால் சிவந்து சூடாகி எரியும் அரிய நோய் என்றார். தட்டணுக்கள் அதிகமானாலும் இது வரும் என்று ரத்தம் பார்த்தார்கள், அளவு சரியாகவே இருந்தது. ஆஸ்பிரின் துளியும் கேட்கவில்லை. நரம்பு வலிக்கான காபாபென்டின் 2 மாதம், தூக்கம்தான் மிச்சம். தோலில் ஒட்டும் லிடோகெய்ன் (மரத்துப்போக வைக்கும் மருந்து) பட்டை கொஞ்சம் பரவாயில்லை. ஐஸ் தண்ணீரில் கால் வைத்துத் தோல் புண்ணாகிப்போனது, யாரும் அதைச் செய்யாதீர்கள்.

அப்பாவும் போர்வைக்கு வெளியே காலை நீட்டித்தான் தூங்குவார், அதனால் இது பரம்பரையா என்று பார்க்க எஸ்சிஎன்9ஏ (வலி நரம்புகளோடு தொடர்புள்ள மரபணு) சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வருவதற்குள் மெக்சிலெட்டின் தொடங்கலாம் என்கிறார் டாக்டர். அது நரம்பின் வலிச் சமிக்ஞையையும் அடக்குமாம், ஆனால் அடிப்படையில் இதயத் துடிப்புக் கோளாறுக்கான மருந்து என்பதால் முதலில் இசிஜி.

ஆஸ்பிரின் கேட்காத யாருக்காவது மெக்சிலெட்டின் எரிச்சலைக் குறைத்ததா, எத்தனை நாளில்?