கல்லீரல் கட்டி: புற்றுநோயா, கிருமியா? வழி சொல்லுங்கள்

வணக்கம். தஞ்சாவூர் பக்கம் வயல் வேலை பார்க்கும் என் பெரியப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். விட்டு விட்டுக் காய்ச்சல், எடையும் குறைகிறது. சிடி ஸ்கேனில் கல்லீரலில் கட்டி; புற்றுநோயாக இருக்கலாம் என்றார்கள். பயாப்சியில் (கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்ததில்) புற்றுநோய் செல்கள் இல்லை, சீழும் அழற்சியும்தான்.

மெலியாய்டோசிஸ், ஆக்டினோமைக்கோசிஸ் என்ற இரண்டு பாக்டீரியா நோய்களும் இப்படிக் கட்டி போலத் தெரியலாம். முதலாவதை உண்டாக்குவது ஈர மண்ணில் இருக்கும் கிருமி, சர்க்கரை உள்ளவர்களை அதிகம் தாக்கும். கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) அதைச் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி என்று தவறாகப் படிப்பதும் உண்டு. இரண்டாவதன் கிருமியை ஆக்சிஜன் இல்லாமல் நாள்கணக்கில் வளர்க்க வேண்டும்.

முதலில் எடுத்த சதையை ஃபார்மலினில் (கெடாமல் வைக்கும் திரவம்) போட்டுவிட்டார்கள்; அதில் கல்ச்சர் செய்ய முடியாதாம். அதனால் மறுபடி பயாப்சி எடுக்கப் போகிறார்கள். திருச்சி, தஞ்சை பக்கம் இரண்டையும் சரியாகப் பார்க்கும் லேப் எது? ஆண்டிபயாடிக் தொடங்கும் முன்னே ரத்தக் கல்ச்சரும் கேட்கலாமா? அனுபவம் உள்ளவர்கள், குறிப்பாக மைக்ரோபயாலஜி டாக்டர்கள், தயவுசெய்து சொல்லுங்கள்.