டிஎன்எஸ் ஃபில்டர் பிஓசி (வாங்கும் முன் சோதனை ஓட்டம்): எந்த மெஷின் கேட்டது என்று தெரியவில்லை, ஸ்பாமும் கூடிவிட்டது. எதை வைத்து முடிவெடுப்பது?

நொய்யல்கரை:

வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நெட்வொர்க் பார்க்கிறேன். தலைமை அலுவலகம், இரண்டு பிளான்ட், ஊர் ஊராகச் சுற்றும் சேல்ஸ் ஆட்கள் என்று சுமார் 600 பேர். ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸ் யூசர், மெஷின்களை நிர்வகிப்பது) இருக்கிறது. அதன் இரண்டு டொமைன் கன்ட்ரோலர் சர்வர்களும்தான் உள்ளே டிஎன்எஸ் சர்வர்கள். இதுவரை ஃபார்வர்டராக (வெளிப் பெயர்களைக் கேட்டனுப்பும் இடம்) இருந்தது இன்டர்நெட் லைன் கொடுத்தவர்களின் டிஎன்எஸ்.

அக்கவுன்ட்ஸில் ஒருவர் ஃபிஷிங் லிங்க்கைத் தட்டிய பிறகு, டிஎன்எஸ் செக்யூரிட்டி (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் கட்டத்திலேயே கெட்ட தளங்களைத் தடுக்கும் சேவை) வாங்க மேலிடம் ஒப்புக்கொண்டது. இரண்டு தயாரிப்புகள் கடைசிச் சுற்றில் நிற்கின்றன. பெயர் வேண்டாம். 'அ' முழுக்க கிளவுட். 'ஆ' கிளவுட்டோடு நம் இடத்தில் ஓடும் விஎம் (மெய்நிகர் சர்வர்) ஒன்றும் தரும். இப்போது 'அ' பிஓசியில். கன்ட்ரோலர்களின் ஃபார்வர்டரை மட்டும் அவர்கள் ஐபிக்கு மாற்றினோம்.

மாற்றியதிலிருந்து டாஷ்போர்டில் ஒரு கமாண்ட் அண்ட் கன்ட்ரோல் டொமைனை (மால்வேர் கட்டளை வாங்கும் முகவரி) யாரோ கேட்பதாகச் சிவப்பில் காட்டுகிறது. யார் என்று பார்த்தால் ஆபீஸின் பப்ளிக் ஐபி மட்டும். 600 பேரில் யாருடைய சீட்டுக்குப் போவது? அப்புறம் மெயில் கேட்வேயில் ஸ்பாம் திடீரென்று கூடிவிட்டது. தடுக்கப்பட்ட தளத்துக்குப் போனால் சிலருக்கு சர்டிஃபிகேட் எச்சரிக்கை வருகிறது. சிலருக்கு, முக்கியமாக இரண்டாவது பிளான்டில், தளமே திறக்கிறது.

வெண்டரிடம் கேட்டால் 'எங்கள் பிளாக் ரேட் இவ்வளவு சதவீதம், டிஎன்எஸ்செக்கும் உண்டு' என்று ஒரு பிடிஎஃப் அனுப்புகிறார்கள். எம்டிக்கு ஒரே பக்கத்தில் மதிப்பெண் பட்டியல் வேண்டும். எதற்கு எவ்வளவு மார்க் போடுவது?

சுவிட்ச்_ரூம்:

முதல் பிரச்சினை தயாரிப்பின் கோளாறு இல்லை, நீங்கள் வைத்த இடம் அப்படி. பிசி கன்ட்ரோலரிடம் கேட்கிறது, கன்ட்ரோலர் தன் பெயரில் வெளியே கேட்கிறது, ஃபயர்வால் அதை நாட் செய்து (உள் ஐபியை மறைத்து ஒரே பப்ளிக் ஐபியாக்கி) அனுப்புகிறது. கிளவுட்டுக்கு எப்படித் தெரியும் உள்ளே யார் என்று?

'ஆ'வின் விஎம்மை இறக்கினாலும் இதே தவறு நடக்க வாய்ப்பு அதிகம். கன்ட்ரோலரின் ஃபார்வர்டராக விஎம்மைப் போட்டால், லாக்கில் பப்ளிக் ஐபிக்குப் பதிலாக கன்ட்ரோலர் ஐபி வரும், அவ்வளவுதான். வரிசையை மாற்றுங்கள். டிஹெச்சிபி (மெஷின்களுக்கு ஐபி கொடுக்கும் சேவை) வழியாக பிசிக்களுக்கு விஎம்மையே டிஎன்எஸ்ஸாகக் கொடுக்க வேண்டும். உங்கள் உள் டொமைனுக்கான கேள்விகளை மட்டும் விஎம் கன்ட்ரோலருக்குத் தள்ள வேண்டும். கன்ட்ரோலர்கள் எப்போதும்போல ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும். ரிவர்ஸ் ஜோன்களையும் (ஐபியிலிருந்து பெயரைத் தேடுபவை) அந்த உள் பட்டியலில் சேருங்கள், பலர் அதை மறந்துவிட்டு பிறகு பிரிண்டரைத் தேடுவார்கள். ஒரு பிசியில் டொமைன் லாகின், குரூப் பாலிசி, டைனமிக் அப்டேட் மூன்றும் நடக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு விடுங்கள். விஎம் இரண்டு வேண்டும், வேறு வேறு ஹோஸ்டில்.

அதுவரை அந்தச் சிவப்பு மெஷினை விட்டுவைக்காதீர்கள். இரண்டு கன்ட்ரோலர்களிலும் டிஎன்எஸ் டீபக் லாகிங்கை ஆன் செய்து, அந்த டொமைன் பெயரைத் தேடுங்கள். கேட்ட ஐபி கிடைக்கும். அதே நேரத்து டிஹெச்சிபி லீஸை வைத்து மெஷினைப் பிடித்துவிடலாம். டிஸ்க்கில் ஒரு கண் இருக்கட்டும், அந்த லாக் வேகமாக வளரும்.

தயிர்சாதம்:

காசு எதற்கு சார்? குவாட்9 என்ற டிஎன்எஸ் சேவை இலவசம். 9.9.9.9 போட்டால் மால்வேர் டொமைன் எல்லாம் நிற்கும். 2017இலிருந்து ஓடுகிறது. வேலை முடிந்தது.

இரவுப்பணி:

தயிர்சாதம் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம், ஆனால் வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். குவாட்9 நல்ல சேவை. அது கிளையன்ட் வாரியாக லாக் தராது, துறைக்கு ஒரு பாலிசி வைக்க முடியாது. ஆனால் அளவுகோலாக வைக்க அருமை. நீங்கள் பணம் கொடுக்கும் பொருள் இலவசமானதைவிட எவ்வளவு அதிகம் பிடிக்கிறது? அந்த வித்தியாசத்துக்குத்தான் விலை.

சோதனைக்கு வெண்டர் கொடுக்கும் டெஸ்ட் டொமைனை நம்பாதீர்கள். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே அது. யுஆர்எல்ஹாஸ் போன்ற பொது மால்வேர் லிங்க் பட்டியலில் இன்று புதிதாக ஏறியவற்றை எடுத்து, பெயரை மட்டும் டிக் என்ற டிஎன்எஸ் தேடல் கமாண்டில் கேளுங்கள், தளத்தைத் திறக்க வேண்டாம். 'அ', 'ஆ', குவாட்9 மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் ஒப்பீடு செல்லாது, அதற்குள் பட்டியல் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். ஐபி முகவரியாகவே இருக்கும் யுஆர்எல்களையும், கிட்ஹப் மாதிரி பெரிய தளங்களில் வைக்கப்பட்ட ஃபைல்களையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அவை டிஎன்எஸ் வழியாகத் தடுக்கிற சமாச்சாரமே இல்லை.

இதைவிட முக்கியமானது எதிர்ப்பக்கம்: உங்கள் பழைய டிஎன்எஸ் லாக்கில் ஒரு வாரத்தை எடுத்து, அதில் உள்ள பெயர்களை இரண்டிலும் ஓட்டுங்கள். சப்ளையர் தளம், ஜிஎஸ்டி, வங்கி, கூரியர், சிஎன்சி மெஷினின் அப்டேட் சர்வர் இதில் எது அடிபடுகிறது? ஒரு நல்ல தளம் தடுக்கப்பட்டால் விடுவிக்க யாருக்கு மெயில் போட வேண்டும், பதில் எப்போது வரும் என்பதையும் இப்போதே சோதியுங்கள். கையெழுத்துக்கு முன்னால் கிடைக்கும் கவனிப்பு பிறகு கிடைக்காது.

பட்டியலில் இல்லாததைப் பிடிக்கிறதா என்பது தனிப் பரீட்சை. 2009இல் கான்ஃபிக்கர் என்ற மால்வேரின் சி வகை தினமும் 50,000 டொமைன் பெயர்களைத் தானே உருவாக்கியது. அதற்கெல்லாம் பட்டியல் போட்டு மாளாது. டன்னலிங்கும் (டிஎன்எஸ் கேள்விக்குள் டேட்டாவை ஒளித்துக் கடத்துவது) அப்படித்தான். எழுத்துபூர்வ அனுமதி வாங்கி, தனியாகப் பிரித்த ஒரு லேப்டாப்பில், உங்கள் சொந்த டொமைன் ஒன்றை வைத்து ஐயோடின் அல்லது டிஎன்எஸ்கேட்2 என்ற டன்னல் கருவியை ஓட்டிப் பாருங்கள். டிஎன்எஸ் பெயரில் புள்ளிக்குப் புள்ளி 63 எழுத்து, மொத்தம் 255 பைட் என்ற வரம்புக்குள் டேட்டாவைத் திணிப்பதால் நீளமான, அர்த்தமில்லாத சப்டொமைன்கள் கொட்டும். வேகமாக ஓட்டினால் எந்தத் தயாரிப்பும் பிடிக்கும். மிக மெதுவாக ஓட்டும்போது என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம். சில ஆன்டிவைரஸ்களே இப்படி நீளமான பெயர்களைக் கேட்கும், அதையும் டன்னல் என்று அலறினால் மார்க்கைக் குறையுங்கள்.

அஞ்சல்பெட்டி:

ஸ்பாம் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேட்வே ஸ்பாம்ஹாஸ் பட்டியலை (ஸ்பாம் அனுப்பும் ஐபிகளின் பட்டியல்) கேட்கிறதா? அப்படியானால் கேட்வேயில் இருந்து 2.0.0.127.ஜென்.ஸ்பாம்ஹாஸ்.ஆர்க் என்ற பெயரைக் கேட்டு, வரும் பதிலை இங்கே போடுங்கள்.

நொய்யல்கரை:

அண்ணா, 127.255.255.254 என்று வருகிறது. அப்படி ஒரு பதிலை நான் பார்த்ததே இல்லை.

அஞ்சல்பெட்டி:

நினைத்தேன். அது 'நீங்கள் பொது ரிசால்வர் வழியாகக் கேட்கிறீர்கள், பதில் தர மாட்டோம்' என்பதற்கான பிழைக் குறியீடு. சரியாக இருந்தால் 127.0.0.2 போன்ற பதில்கள் வந்திருக்க வேண்டும். உலகமே பயன்படுத்தும் ரிசால்வர் (டிஎன்எஸ் பதில் தேடித் தரும் சர்வர்) வழியாகப் போனால் கேட்பது யார் என்று ஸ்பாம்ஹாஸுக்குத் தெரியாது, அதனால் இலவசக் கேள்விகளை நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் கேட்வே அந்தக் குறியீட்டைப் பொருட்படுத்தாததால் ஸ்பாம் நுழைகிறது. வேறு சில கேட்வேக்கள் 'ஏதோ பதில் வந்தது, ஆகவே அனுப்பியவர் பட்டியலில் இருக்கிறார்' என்று எடுத்துக்கொண்டு வருகிற மெயில் அத்தனையையும் திருப்பி அனுப்பும். உங்களுக்கு நல்ல நேரம்.

தீர்வு எளிது. மெயில் கேட்வேக்கு மட்டும் அன்பவுண்ட் போன்ற ஒரு ரிசால்வரைப் பக்கத்தில் நிறுவி, ஃபார்வர்டர் இல்லாமல் டிஎன்எஸ் ரூட் சர்வர்களிலிருந்தே தேட விடுங்கள். இல்லையென்றால் ஸ்பாம்ஹாஸின் சந்தாச் சேவையில் கீ வாங்கலாம். 'ஆ'வுக்கு மாறினாலும் இது வேண்டும்.

சுவிட்ச்_ரூம்:

இரண்டாவது பிளான்டில் தளம் திறக்கிறது என்றீர்களே, அங்கே ஒரு பிசியில் ஐபிகான்ஃபிக் பாருங்கள். இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். முதல் சர்வர் பதில் தரத் தாமதித்தால் விண்டோஸ் இரண்டாவதுக்குத் தாவும், சில நேரம் அங்கேயே தங்கிவிடும். அங்கே காலையில் லாகின் மெதுவாக இருக்கிறது என்ற புகாரும் இருக்குமே?

கன்ட்ரோலரிலும் ஒரு ஓட்டை உண்டு. ஃபார்வர்டர்ஸ் டேபில், ஃபார்வர்டர் கிடைக்காவிட்டால் ரூட் ஹின்ட்ஸைப் பயன்படுத்து என்ற டிக் இயல்பாகவே போட்டிருக்கும். கிளவுட் கொஞ்சம் திணறினாலும் கன்ட்ரோலர் சத்தமில்லாமல் நேராக ரூட்டுக்குப் போய்விடும், ஃபில்டர் இல்லாமல். அதை எடுத்தால் கிளவுட் விழும்போது இன்டர்நெட்டும் விழும். எது வேண்டும் என்பதை நீங்களும் மேலிடமும் பேசி முடிவெடுங்கள். நான் எடுத்துவிடுவேன், இரண்டு வேறு முகவரிகளை ஃபார்வர்டராக வைத்துக்கொண்டு.

ஃபயர்வாலில் டிஎன்எஸ் போகும் 53, 853 போர்ட்டுகளை உங்கள் ரிசால்வர்களும் மெயில் கேட்வேயும் தவிர யாருக்கும் திறக்காதீர்கள். எச்டிடிபிஎஸ்ஸுக்குள் போகும் டிஎன்எஸ் 443இல் போவதால் இப்படி நிற்காது. குரோமில் குரூப் பாலிசி வழியாக அதை ஆஃப் செய்யுங்கள். ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு கேனரி டொமைன் (தடுத்தால் ஃபயர்ஃபாக்ஸ் தானே அதை ஆஃப் செய்யும் பெயர்) இருக்கிறது, ஆனால் யூசர் தானே ஆன் செய்திருந்தால் அது செல்லாது, அங்கேயும் பாலிசிதான். ஐபோன்கள் கம்பெனி வைஃபையில் இருந்தால் ஐகிளவுட் பிரைவேட் ரிலேயையும் (பிரவுசிங்கை ஆப்பிள் வழியாக மறைத்து அனுப்புவது) பாருங்கள். ஆப்பிளே அதற்கென்று சொல்லியிருக்கும் இரண்டு மாஸ்க் டொமைன்களுக்கு 'இல்லை' என்று பதில் கொடுத்தால் அந்த நெட்வொர்க்கில் ரிலே ஓடாது.

இரவுப்பணி:

சர்டிஃபிகேட் எச்சரிக்கை பற்றி யாரும் சொல்லவில்லை. தடுத்த பெயருக்கு வெண்டர் தன் பிளாக் பேஜ் ஐபியைத் திருப்புகிறார். பிரவுசர் அந்தத் தளத்தின் சர்டிஃபிகேட்டை எதிர்பார்க்கிறது, கிடைப்பது வேறு, அலறுகிறது. அவர்களின் ரூட் சர்டிஃபிகேட்டை எல்லா மெஷினிலும் இறக்கினால் அழகான பக்கம் தெரியும். ஆனால் வெளியாளின் ரூட்டை 600 மெஷினில் நம்பச் சொல்வது எனக்குப் பிடிக்காது. நான் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பதிலைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஹெல்ப்டெஸ்க்குக்குத் தேடிப் பார்க்கும் உரிமை தருவேன்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, வெண்டரிடம் கட்டாயம் கேளுங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அது ஒரு குறிப்பிட்ட டொமைனைத் தொட்டுப் பார்த்து, பதில் கிடைத்தால் நின்றுவிடும். அதைக் கெட்ட டொமைன் என்று தடுத்து வைத்த நெட்வொர்க்கில் அது நிற்காமல் ஃபைல்களைப் பூட்டும். ஆராய்ச்சியாளர்கள் கைப்பற்றிய சிங்க்ஹோல் டொமைன்களை உங்கள் தயாரிப்பு எப்படி நடத்துகிறது? இந்தக் கேள்விக்கு சேல்ஸ் ஆள் விழித்தால் பரவாயில்லை, அவர்களின் இன்ஜினியரும் விழித்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை:

இரண்டாவது பிளான்டில் பழைய ஏஜென்சி வைத்துவிட்டுப் போன ரவுட்டர்தான் டிஹெச்சிபி கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது டிஎன்எஸ் 8.8.8.8. லாகின் தாமதமும் உண்மைதான், சுவிட்ச் மாற்ற வேண்டும் என்று கொட்டேஷன் வரை போயிருந்தார்கள்! இப்போது சரி. சிவப்பு மெஷினும் கிடைத்தது, ஸ்டோர்ஸில் பில் போடும் பிசி. கழற்றி வைத்தாயிற்று. கேட்வேக்கு அன்பவுண்ட் போட்டோம், ஸ்பாமும் அடங்கியது.

மிச்சம் டிஎன்எஸ்செக். வெண்டர் அதைப் பெரிதாகச் சொல்கிறார். அதற்கு எத்தனை மார்க்?

சுவிட்ச்_ரூம்:

வேண்டியதுதான், ஆனால் அது வேறு வேலை. டிஎன்எஸ்செக் சொல்வது 'இந்தப் பதிலை வழியில் யாரும் மாற்றவில்லை' என்பதை. தளம் நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியாது. ஃபிஷிங் டொமைனுக்கும் ஒழுங்காகக் கையெழுத்துப் போடலாம். ரிசால்வர் சரிபார்க்கிறதா என்று மட்டும் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று போடுங்கள். ஒரு எச்சரிக்கை: சரிபார்ப்பு ஃபில்டரிலேயே நடக்கட்டும். அதற்குக் கீழே உங்கள் ரிசால்வர் ஒன்றும் சரிபார்த்தால், ஃபில்டர் மாற்றிக் கொடுத்த பதிலைப் போலி என்று எண்ணி செர்வ்ஃபெயில் என்ற பிழையைத் தரும். நாள் முழுக்க அதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இரவுப்பணி:

மதிப்பெண் பட்டியலைப் புதிதாக உருவாக்க வேண்டாம். அமெரிக்க அரசின் என்எஸ்ஏ, சிசா என்ற இரு பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து 2021 மார்ச்சில் பாதுகாப்பு டிஎன்எஸ் சேவையைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு சிறு வழிகாட்டி வெளியிட்டன. என்னென்ன அம்சங்களைப் பார்க்க வேண்டும் என்ற அட்டவணை அதில் இருக்கிறது. அதை எடுத்து, நமக்கானதைச் சேருங்கள்.

நமக்கானதில் முதலாவது லாக். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். டாஷ்போர்டில் எத்தனை நாள் இருக்கும், அதற்கு மேல் வைக்க எவ்வளவு, நம் சர்வருக்கே முழு லாக்கையும் இழுத்துக்கொள்ள முடியுமா? தடுத்தவை மட்டும் போதாது, அனுமதித்தவையும் வேண்டும். 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் விவகாரம் (அந்தக் கம்பெனியின் மென்பொருள் அப்டேட்டில் மால்வேர் புகுந்தது) வெளியானபோது, அந்த மால்வேர் சப்டொமைன் பெயருக்குள் தகவலை ஒளித்து டிஎன்எஸ் வழியாகத்தான் முதலில் பேசியது என்று தெரிந்தது. மாதக்கணக்கில் அது யாருடைய பிளாக் லிஸ்டிலும் இல்லை. பழைய டிஎன்எஸ் லாக் கையில் இருந்தவர்கள் தேடிப் பார்த்துத் தங்கள் நெட்வொர்க் பேசியதா என்று கண்டுகொண்டார்கள். மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை.

என்னைக் கேட்டால் பிளாக் ரேட்டுக்குக் கால்வாசி மார்க் போதும். மிச்சத்தை மூன்றாகப் பிரியுங்கள்: எந்த மெஷின், எந்த யூசர் என்று காட்டுகிறதா, தாண்டிப் போக எத்தனை வழி விடுகிறது, நல்லதை உடைத்தால் எவ்வளவு சீக்கிரம் சரியாகிறது.

நொய்யல்கரை:

இப்படியே போட்டு 'ஆ'வுக்கும் ஓட்டிப் பார்க்கிறேன். சேல்ஸ் லேப்டாப்புக்கு இருவரும் ஏஜென்ட் தருகிறார்கள். எங்கள் விபிஎன் கிளையன்ட்டோடு அது சண்டை போடுமா?

சுவிட்ச்_ரூம்:

போடலாம். இரண்டும் மெஷினின் டிஎன்எஸ் செட்டிங்கைத் தன் பக்கம் இழுக்கும். விபிஎன் இணைத்தபடி உள் சர்வர் பெயரைக் கேட்டுப் பாருங்கள், துண்டித்துவிட்டு மறுபடி கேளுங்கள். பிறகு லாட்ஜ் வைஃபை மாதிரி லாகின் பக்கம் வரும் இடத்தில் ஒருமுறை. பிஓசிக்கு சேல்ஸில் அதிகம் கத்தும் ஆளையே தேர்ந்தெடுங்கள்.

தயிர்சாதம்:

லைசென்ஸ் யூசர் கணக்கா, கேள்விக் கணக்கா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள் சார். ஷாப் ஃப்ளோர் சிசிடிவி ரெக்கார்டர் ஒன்று தூங்காமல் டிஎன்எஸ் கேட்டுக்கொண்டே இருக்கும்.