கண்காட்சிக்குப் போகும் வழியில் பாய்களோடு லேண்ட்மாஸ்டர் பெட்டி களவு போய்விட்டது: முறைப்பாட்டைத் திருத்த முடியுமா?

பன்பாய்க்காரி, ஆரையம்பதி

வணக்கம். எங்கள் ஒழுங்கையில் ஏழு பெண்கள் சேர்ந்து பன்பாயும் (பன் என்ற கோரைப்புல்லில் இழைக்கும் பாய்) பனையோலைப் பொருள்களும் இழைத்து விற்று வருகிறோம். கடந்த வெள்ளிக்கிழமை, அம்பாறை நகரில் நடக்கவிருந்த கைப்பணிக் கண்காட்சி ஒன்றுக்காக, நான்கு மாத வேலையை அத்தானின் லேண்ட்மாஸ்டர் (கைப்பிடி பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு உழவு மிசின்) இழுக்கும் பெட்டியில் ஏற்றி, படங்கால் மூடி, கயிறு போட்டு இறுக்கி அனுப்பினோம். லொறிக்குக் கேட்ட கூலி எங்கள் இலாபத்தில் பாதியை விழுங்கிவிடும் என்பதாலேயே இந்த ஏற்பாட்டைச் செய்தோம். நானும் இன்னொருவரும் கடைக்கு இடம் ஒழுங்கு செய்வதற்காகப் பேருந்தில் முன்னரே சென்றுவிட்டோம்.

அத்தான் கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை எல்லாம் தாண்டி, மல்வத்தைக்கு இன்னும் சிறிது தூரம் இருக்கையில், இரவு ஒன்பதரை மணியளவில் பெட்டியின் இடப்பக்கச் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. மாற்றுச் சில்லு இருக்கவில்லை. பூட்டியிருந்த ஒரு கடையின் முன்னால், விளக்கு வெளிச்சத்தில் பெட்டியை ஒதுக்கி, அச்சுக்குக் கீழே நான்கு கல்லை அடுக்கிச் சில்லைக் கழற்றினார். பிறகு இணைப்பு ஊசியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சில்லை மிசினின் முன்பக்கத்தில் கட்டி, கைப்பிடியைப் பிடித்தபடி நடந்தே சம்மாந்துறைப் பக்கம் திரும்பியிருக்கிறார். (பெட்டி இல்லாவிட்டால் அந்த மிசினில் உட்கார இருக்கையும் இல்லை, மிதிக்கப் பிரேக்கும் இல்லை என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.) ஒட்டுப் போடுபவரின் வீட்டைத் தேடி, அவரை எழுப்பி, வேலையை முடித்துக்கொண்டு திரும்பியபோது நள்ளிரவு ஆகிவிட்டது. நான்கு கல்லும் அதே இடத்தில் இருந்தன. பெட்டி இருக்கவில்லை.

பெட்டியில் 34 பன்பாய்கள் இருந்தன. அவற்றைத் தவிர, கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, குட்டான் என்று ஓலைப் பொருள்களும் இருந்தன. எங்கள் கணக்கில் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 165,000 ரூபாய். அதிகாலையிலேயே பொலிஸ் நிலையத்துக்குச் சென்றோம். அத்தான் தமிழில் சொன்னதை அங்கிருந்தவர் சிங்களத்தில் எழுதினார், அத்தான் கையொப்பமிட்டார். பிறகு சிங்களம் தெரிந்த ஒருவரிடம் பிரதியைக் காட்டியபோதுதான், "பாய்களும் ஒரு பெட்டியும் காணாமற்போயின" என்று அதில் இருப்பது தெரிந்தது. சிங்களத்திலும் 'பெட்டிய' என்றால் சாமான் போடும் பெட்டிதான். ஆகவே, இரண்டு சில்லுப் பூட்டிய ஒரு வாகனம் எங்கள் முறைப்பாட்டில் தகரப்பெட்டி ஆகிவிட்டது. களவு என்ற சொல்லும் அதில் இல்லை.

இதைத் திருத்த முடியுமா? பெட்டிக்காவது இலக்கம் இருக்கிறது. பற்றுச்சீட்டும் இலக்கமும் இல்லாத பாய்களை எங்களுடையவைதான் என்று எதைக் கொண்டு நிரூபிப்பது?

வயற்கரை, மல்வத்தை

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் ஒரு விடயத்தைப் பொலிஸாருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு சில்லுக் கழற்றிய பெட்டியை வழியில் போகிற எவனும் கொழுவிக்கொண்டு போக முடியாது. எடுத்தவன் அதே அளவுச் சில்லு ஒன்றையும், தன்னுடைய இணைப்பு ஊசியையும், இழுக்க ஒரு மிசினையும் கொண்டு வந்திருக்க வேண்டும். அதாவது, பெட்டி நிற்பதைக் கண்டு, வீட்டுக்குப் போய்ச் சில்லோடு திரும்பி வருவதற்கு இரண்டரை மணித்தியாலங்கள் அவனுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. லொறியில் தூக்கிப் போட்டிருக்கலாம் என்று சொல்வீர்கள். பாரம் ஏற்றிய பெட்டியைத் தூக்க ஆறேழு பேர் வேண்டும், சத்தமும் கேட்டிருக்கும். ஆகவே, ஆள் தூரத்து ஆள் அல்ல.

இது பெரும்போக அறுவடைக் காலம். நெல் மூட்டை ஏற்றுவதற்குப் பெட்டி கிடைக்காமல் ஆட்கள் அலைகிறார்கள். அவன் குறி வைத்தது உங்கள் பாய்க்கு அல்ல, பெட்டிக்கு என்றே நினைக்கிறேன். எனவே சம்மாந்துறைச் சுற்றுவட்டார நெல் ஆலைகளிலும் வயல் வாடிகளிலும் (வயற்குடில்களிலும்) கண் வையுங்கள். பழைய இரும்புக் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் பெட்டியின் மீதிச் சில்லு என்ன ரயர், பின்கதவு எந்தப் பக்கம் நெளிந்திருக்கிறது, எங்கே வெல்டிங் ஒட்டு இருக்கிறது என்பதையெல்லாம் அத்தானிடம் கேட்டு எழுதி வையுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு நாளில் வேறு நிறம் பூசிவிடுவார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பாதையில் சிசிரிவி பூட்டியிருக்கும் கடைகளுக்குப் போய், அன்றிரவுப் பதிவை அழியாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பல கடைகளில் சில நாள்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

கடைத்தெரு

அவ்வளவு பொருளையும் நடுவழியில் தனியே விட்டுவிட்டுப் போனால் யார்தான் எடுக்காமல் விடுவார்கள்? ஒரு பொடியனையாவது உடன் அனுப்பியிருக்க வேண்டும்.

பன்பாய்க்காரி, ஆரையம்பதி

அனுப்பியிருக்க வேண்டும்தான். அன்று மகனுக்குக் காய்ச்சல். அத்தான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பற்றி அவரிடம் யாரும் இப்போது கேட்க வேண்டியதில்லை.

வயற்கரை அண்ணன், மிக்க நன்றி. சில்லு விடயம் எங்கள் எவருக்கும் தோன்றவில்லை. இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியை அத்தான் ஆறு வருடத்துக்கு முன்னர் விலைக்கு வாங்கினார், ஆனால் பதிவுப் புத்தகம் இன்னும் பழைய உரிமையாளரின் பெயரிலேயே இருக்கிறது. பெயர் மாற்றாத பெட்டிக்கு முறைப்பாடு செய்ய அத்தானுக்கு உரிமையே இல்லை என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

பழைய கோர்ட் எழுதுநர், மட்டக்களப்பு

மகள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முப்பது வருடம் இந்தத் தாள்களோடுதான் இருந்தேன்.

முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவு களவை வரையறுக்கும்போது, ஒருவரின் 'உடைமையிலிருந்து' அசையும் பொருளை அவருடைய சம்மதம் இல்லாமல் நேர்மையீனமாக எடுப்பதைத்தான் பேசுகிறது. புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பது அங்கே கேள்வி அல்ல. அன்றிரவு பெட்டி உங்கள் அத்தானின் கைவசம் இருந்தது, ஆகவே முறைப்பாடு செய்ய வேண்டியவரும் அவரே. பெயர் மாற்றாத குறை பிற்பாடு, பெட்டி கிடைத்து அதை நீதிமன்றத்திலிருந்து மீட்கும்போதுதான் உங்களைப் பிடிக்கும். அதனால் பழைய உரிமையாளரை இப்போதே தேடிப் பிடித்து, இன்ன ஆண்டு இன்னாருக்கு விற்றேன் என்று ஒரு சத்தியக் கடதாசி (அஃபிடவிட்) முடித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் வெளிநாடு போய்விட்டால் பிறகு திண்டாட்டம்.

இனி முறைப்பாடு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு, வாயால் சொல்லப்படும் தகவலை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும் என்றும், எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. எழுதுபவருக்கு அந்த மொழி முடியாதென்றால், சொல்பவரே எழுதிக் கொடுக்கும்படி கேட்கலாம். ஆகையால் நீங்கள் வீட்டிலிருந்தே தெளிவான தமிழில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு, பொறுப்பதிகாரியைச் சந்தித்து, முன்னைய முறைப்பாட்டின் திகதி, பக்கம், பந்தி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மேலதிக வாக்குமூலம் தர விரும்புவதாகக் கேளுங்கள். முதலில் எழுதியதை அழிக்கச் சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள்; அழிக்கவும் மாட்டார்கள். 'காணாமற்போனது' என்பதற்குப் பதிலாக 'களவாடப்பட்டது' என்று வர வேண்டும். அதைவிட முக்கியமாக, 'பெட்டி' என்ற சொல்லைத் தனியே விடவே கூடாது. 'லேண்ட்மாஸ்டரில் இணைக்கும் ட்ரெய்லர்' என்று எழுதி, அதன் பதிவிலக்கத்தையும் செசி இலக்கத்தையும் புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். இழுக்கும் மிசினுக்கு ஒரு பதிவு, ட்ரெய்லருக்கு வேறு பதிவு. அவசரத்தில் மிசினின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கையொப்பமிட முன்னர் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, தயவு அல்ல.

முறைப்பாட்டின் பிரதியோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் ஒரு கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும். காப்புறுதி மூன்றாம் தரப்பு மட்டும் என்றால் களவுக்கு ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதியாக இருந்தாலும் உள்ளே ஏற்றிய சரக்குக்கு அது பெரும்பாலும் பேசாது. அந்த அலைச்சலில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

பாய்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிவது குறைவு. உங்களில் யாராவது தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிந்திருந்தால் அந்த அட்டையையும், கண்காட்சிக்குக் கடை கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். இன்ன நாளில் இன்ன பொருளோடு போகவிருந்தீர்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

தறிக்குழி, மருதமுனை

சகோதரி, நான் கைத்தறிக்காரன், பாய் இழைக்கத் தெரியாது. ஆனால் ஒரே நூலில், ஒரே கரை வைத்து, நாலு தறியில் நெய்த நாலு சாரனைக் கலந்து போட்டாலும், எது என் வாப்பா நெய்தது என்று எனக்குத் தெரியும். அவர் ஊடையை அடிக்கும் கை கொஞ்சம் இறுக்கம். கரையோரம் விரலுக்குத் தட்டுப்படும். உங்கள் ஏழு பேருக்கும் அப்படி ஒவ்வொரு கைவாகு இருக்கும். பொலிஸாரிடம் '34 பாய்கள்' என்று மொத்தமாகச் சொல்லாமல், யார் யார் எத்தனை இழைத்தார்கள், எந்த நிறம், எத்தனை கோடு, ஓரத்தை எப்படி மடித்தார்கள் என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் மிஞ்சிய சாயம் தோய்த்த பன் இருந்தால் ஒரு பிடி எடுத்துக் கட்டி வையுங்கள். ஒரே தடவையில் தோய்த்த சாயம் இன்னொரு தடவையில் அச்சொட்டாக வராது என்பதை எந்தச் சாயக்காரரும் சொல்வார்.

வாரச் சந்தைகளிலும் பாருங்கள். சித்திரை வருடப்பிறப்பு நெருங்குவதால் பாய்க்கு இப்போது நல்ல கிராக்கி. யாரிடமாவது கண்டால் வாய்த்தர்க்கத்துக்குப் போகாமல் தள்ளி நின்று பொலிஸுக்குச் சொல்லுங்கள்; அவசரமென்றால் 119 இருக்கிறது. விற்பவர் தெரியாமல் வாங்கியவராகவும் இருக்கலாம்.

பழைய கோர்ட் எழுதுநர், மட்டக்களப்பு

மருதமுனைத் தம்பி சொன்னது சரி. களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 394ஆம் பிரிவு வரும். ஒன்றும் தெரியாமல் வாங்கியவர் பெரும்பாலும் சாட்சியாகத்தான் வருவார். அவரைப் பகைத்தால், யாரிடம் வாங்கினார் என்ற நூல் அறுந்துவிடும்.

பன்பாய்க்காரி, ஆரையம்பதி

பன்னிரண்டு நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன்.

மேலதிக வாக்குமூலத்தைப் பொறுப்பதிகாரி மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். தமிழ் தெரிந்த உத்தியோகத்தரை அழைத்து எழுதுவித்து, வாசித்தும் காட்டினார். கடைக்காரர் ஒருவர் எடுத்து வைத்திருந்த பதிவில், பதினொரு மணிக்குச் சற்று முன்னர் ஒரு லேண்ட்மாஸ்டர் பெட்டியில்லாமல் போவதும், பிறகு படங்கு மூடிய பெட்டியோடு திரும்புவதும் தெரிந்தன. ஒன்பதாம் நாள் ஒரு வயல் வாடியில், நீல நிறம் பூசி, வைக்கோலால் மூடியிருந்த பெட்டியைக் கண்டெடுத்தார்கள். வலப்பக்கம் எங்கள் பழைய ரயர், இடப்பக்கம் வேறு சில்லு. அத்தான் ஒட்டுப் போட்டுக் கொண்டுவந்த சில்லு இன்னும் எங்கள் முற்றத்தில்தான் கிடக்கிறது.

பாய்களில் பதினொன்று ஒரு வாரச் சந்தையில் கிடைத்தன. விற்ற அம்மா, யாரோ வீட்டுக்குக் கொண்டுவந்து மலிவாகக் கொடுத்ததாகச் சொல்லி, ஆளையும் அடையாளம் காட்டினார். பொலிஸ் நிலையத்தில் பாய்களை விரித்துப் போட்டுவிட்டு, இவை உங்களுடையவை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். தறிக்குழி அண்ணன் சொன்னபடி எழுதிய தாள்களைக் கொடுத்தோம். எங்கள் பெரியம்மா இடக்கைக்காரி. பாயின் மூலையை நாங்களெல்லாம் வலமாக மடித்துச் செருக, அவர் இடமாக மடித்துச் செருகுவார். சிறு வயதில் அதற்கு அடி வாங்கியதாகச் சொல்லுவார். வீட்டிலிருந்து கொண்டுபோன அரைகுறைப் பாயை விரித்து, சீமெந்துத் தரையிலேயே உட்கார்ந்து, நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு ஒரு மூலையை முடித்துக் காட்டினார். உத்தியோகத்தர் குனிந்து, சந்தைப் பாயின் மூலையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பதினொன்றில் நான்கு அப்படி இருந்தன. மற்றவற்றைச் சாயத்தை வைத்து ஒப்பிட்டார்கள்.

எழுதுநர் ஐயா, பெட்டி இப்போது நிலைய முற்றத்தில் நிற்கிறது. வழக்கு முடியும் வரை அது வெயிலிலும் மழையிலும் கிடக்க வேண்டுமா?

பழைய கோர்ட் எழுதுநர், மட்டக்களப்பு

வேண்டியதில்லை. பொலிஸார் கைப்பற்றிய பொருளை நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 431ஆம் பிரிவின் கீழ், உடைமைக்கு உரித்துடையவரிடம் அதை ஒப்படைக்குமாறு நீதவான் கட்டளையிடலாம். சத்தியக் கடதாசி, பதிவுப் புத்தகம் இரண்டோடும் ஒரு சட்டத்தரணி மூலம் விண்ணப்பியுங்கள். கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணை முறி எழுதி வாங்கக்கூடும். அதுவரை விற்கவோ நிறம் மாற்றவோ கூடாது. அந்த நீலம் இப்போதைக்கு இருக்கட்டும். பாய்களையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள், எலி கடித்துவிடும்.

பன்பாய்க்காரி, ஆரையம்பதி

பழைய உரிமையாளர் களுவாஞ்சிகுடியில்தான் இருக்கிறார்; நாளை காலை அத்தான் அவரிடம் போகிறார். இன்னும் 23 பாய்கள் கிடைக்கவில்லை. சிவப்பும் கறுப்பும் கோடு போட்டவை பதினாறு, ஊதா ஓரம் வைத்தவை ஏழு. கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைப் பக்கச் சந்தைகளில் அப்படி எதையாவது கண்டால், மூலை இடமாக மடிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து இங்கே எழுதுங்கள்.