நாற்சார் வீடு: பின் அறைக்கு வைஃபை எட்டேல்லை, பாஸ்வேர்ட் ஊருக்கே தெரியும்

கொக்குவில்கிளி:
பழைய நாற்சார் வீடு (நடுவில முற்றம்), சுண்ணாம்புக்கல் சுவர், ஒன்றரை அடி தடிப்பு. பைபர் ரவுட்டர் முன் விறாந்தையில மீற்றர் பெட்டிக்குப் பக்கத்தில நிக்குது. விறாந்தையில 80 எம்பிபிஎஸ் வருகுது, பின் அறையில 3 அல்லது 4. அங்க வாடகைக்கு இருக்கிற கம்பஸ் பிள்ளையள் இரண்டு பேருக்கும் சூம் வகுப்பு அறுந்து அறுந்து போகுது. ரிப்பீட்டர் (வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பிற பெட்டி) ஒண்டு வாங்கிப் பின் அறையில செருகினம். சிக்னல் கோடு முழுக்கக் காட்டுது, வேகம் பழையபடிதான்.

மற்றது, பாஸ்வேர்ட் அப்பான்ர போன் நம்பர். வந்து போன எல்லாருக்கும் குடுத்தாச்சு. ரவுட்டர் பட்டியலில 19 சாதனம் நிக்குது, வீட்டில எண்ணினால் 11தான். மாத டேட்டா 20ஆம் திகதிக்கு முதலே முடியுது. படலையடிக் கமராவும் இதே வைஃபையிலதான். எதில இருந்து தொடங்கிறது?

கம்பிவழி:
தங்கச்சி, போன் காட்டுற கோடு போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையில உள்ள நிலை. ரிப்பீட்டருக்கு ரவுட்டரில இருந்து என்ன வந்து சேருது எண்டதை அது சொல்லாது. சிக்னல் செத்த அறையில செருகினால் செத்ததைத்தான் திருப்பி அனுப்பும். பாதி வழியில, முற்றத்தைப் பார்த்த மாதிரி வைச்சால் கொஞ்சம் திருந்தும். அப்பவும் ஒரே ரேடியோவில கேட்டு அதிலயே பேசிற சாமான் எண்டால் வேகம் பாதியாகும். கம்பி இல்லாமல் மெஷ் (ஒண்டோடொண்டு பேசிற வைஃபை பெட்டியள்) பூட்டினாலும் உந்தச் சுவரைத் துளைக்கத்தான் வேணும்.

அதால முன் ரவுட்டரில இருந்து பின் அறைக்கு ஒரு கேபிள் இழுங்கோ. கேட் 6 எண்ட நெட்வேர்க் கேபிள், முழுச் செம்பு. கடையில ஒரு நுனியை வெட்டி பிளேட்டால சுரண்டிப் பாருங்கோ. உள்ளுக்கு வெள்ளையா மினுங்கினால் அது செம்பு பூசின அலுமினியம், வாங்காதேங்கோ. கூரைக்குள்ளால போறதெண்டால் எஸ்லோன் (பிவிசி) பைப்புக்குள்ள விடுங்கோ, இல்லாட்டி எலியும் அணிலும் கடிக்கும். பைப்புக்குள்ளால இழுத்து முடிச்ச பிறகுதான் நுனியில தலை (பிளக்) அடிக்கவேணும். இரண்டு பக்கமும் ஒரே ஒழுங்கு: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். எட்டில ஒரு கம்பி சரியாக் கடிபடாட்டி இணைப்பு 1000 எம்பிபிஎஸ்ஸில இருந்து 100க்கு இறங்கும், இல்லாட்டி வராமலே போகும். 100 எண்டால் உங்கட 80க்குக் காணும், ஆனால் பிறகு பெரிய பக்கேஜ் எடுத்தால் தேடித் திரியவேண்டி வரும்.

கேபிளின்ர மற்ற நுனியில, பின் அறையில வைக்கிற இரண்டாவது ரவுட்டரை ஆக்செஸ் பொயின்ற் மோடில (கேபிளில வாறதை வைஃபையா மட்டும் குடுக்கிற நிலை) போடுங்கோ. அந்த மோட் இல்லாட்டி அதின்ர முகவரியை 192.168.1.2 ஆக்கி (முன்னுக்கு உள்ளது 192.168.1.1 எண்டால்), டிஎச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி பங்கிடுற வேலை) நிப்பாட்டி, கேபிளை வான் (இன்டர்நெட் வாற) ஓட்டையில இல்லாமல் லான் (வீட்டுச் சாதனம் குத்துற) ஓட்டையில குத்துங்கோ. டிஎச்சிபியை நிப்பாட்ட மறந்தால் இரண்டு ரவுட்டரும் முகவரி பங்கிடும். ஒரு போனுக்கு வேலை செய்யும், மற்றதுக்கு "இன்டர்நெட் இல்லை" எண்டு வரும், ஏனெண்டு ஒருத்தருக்கும் விளங்காது.

2.4 கிகாஹேர்ட்ஸில முன்னுக்கு சேனல் 1, பின்னுக்கு 11, சேனல் அகலம் 20 மெகாஹேர்ட்ஸ். சேனல் 3, 4 எண்டு போடாதேங்கோ, அது 1ஐயும் 6ஐயும் சேர்த்துக் குழப்பும். பின் அறைக்குள்ள 5 கிகாஹேர்ட்ஸ், சேனல் 36. போனில சிக்னல் பலம் மைனஸ் 67 டிபிஎம் அல்லது அதைவிட நல்லா (சைபருக்குக் கிட்ட) வந்தால் சூம் அறாது.

திறப்புக்கோர்வை:
கேபிள் வேலை ஆறுதலா நடக்கட்டும், பாஸ்வேர்டை இண்டைக்கே மாத்துங்கோ. எங்கட இலங்கை மொபைல் நம்பர் 070இல இருந்து 078க்குள்ள சில முன்னெண்களோட தொடங்கும், மிச்சம் ஏழு இலக்கம். எட்டு முன்னெண் எண்டு வைச்சாலும் மொத்தம் 8 கோடி. மதிலுக்கு வெளியில நிண்டு, ஒரு போன் வைஃபையில ஏறுற நேரம் போற பரிமாற்றத்தைப் பிடிச்சால் காணும், மிச்சத்தை வீட்டில இருந்து முயற்சிக்கலாம். நல்ல கிராபிக்ஸ் கார்ட் செக்கனுக்குச் சில லட்சம் நம்பரைச் சோதிச்சுப் பாக்கும். 4 லட்சம் எண்டு வைச்சால் 200 செக்கன். ரவுட்டருக்கு ஒரு அசுமாத்தமும் தெரியாது. சம்பந்தம் இல்லாத நாலைஞ்சு சொல்லை ஆங்கில எழுத்தில சேர்த்து 20 எழுத்துக்கு மேல வையுங்கோ. வீட்டுப் பேர், கோயில் பேர் வேண்டாம்.

அதுக்கும் முதல் ரவுட்டரின்ர அட்மின் பாஸ்வேர்ட். அது வேற, வைஃபை பாஸ்வேர்ட் வேற. பழைய அட்மின் பாஸ்வேர்ட் பெட்டியின்ர ஸ்டிக்கரில நிக்கும், வாடகைக்கு இருக்கிற ஆக்களும் வாசிக்கலாம். பிறகு டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்ட் அடிக்காமல் பட்டன் அல்லது இரகசிய எண்ணால இணைக்கிற வசதி) நிப்பாட்டுங்கோ. அதின்ர எட்டு இலக்க இரகசிய எண்ணை (PIN) இரண்டு துண்டாச் சரிபார்க்கிறதால 11,000 முயற்சிக்குள்ள பிடிபடும் எண்டு 2011இலயே வெளியில வந்திட்டுது. பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், அல்லது 2உம் 3உம் கலந்தது. டிகேஐபி (பழைய பூட்டுமுறை) எண்டு இருந்தால் மாத்துங்கோ, அதில வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல ஏறாது. வைஃபை பேரை மறைக்கிறது, மாக் பில்டர் (சாதனத்தின்ர அடையாள எண்ணைப் பார்த்து உள்ள விடுறது) போடுறது எல்லாம் வீண் வேலை.

19 சாதனத்தைக் கண்டு பயப்படாதேங்கோ. ஐபோனும் அண்ட்ரொயிட் 10க்குப் பிறகு வந்த போன்களும் போலி மாக் முகவரி காட்டும். ஒரே போன் பேர் மாறிப் பட்டியலில இரண்டு தரம் நிக்கலாம். பாஸ்வேர்ட் மாத்தினால் எல்லாம் கழண்டு போகும், ஒவ்வொண்டா ஏத்திக்கொண்டு எண்ணுங்கோ.

டேட்டாவுக்குக் கள்ளனைத் தேட முதல் கமராவைப் பாருங்கோ. கிளவுட்டுக்கு இடைவிடாமல் 1 எம்பிபிஎஸ் அனுப்பினால் நாளுக்கு 10.8 ஜிபி, மாதம் 324 ஜிபி. எஸ்டி கார்டில பதிய விட்டு, ஆள் அசையேக்க மட்டும் அனுப்பச் சொல்லுங்கோ.

மூலைப்பெட்டி:
கம்பிவழி அண்ணை சொன்ன மாதிரிச் செய்தால் வேகம் வரும். ஆனால் வாடகைப் பிள்ளையளும் வீட்டு ஆக்களும் ஒரே வலையமைப்பில வந்திடுவினம். கெஸ்ட் வைஃபை (விருந்தாளிக்குத் தனி வைஃபை) போடலாம் எண்டு நினைக்காதேங்கோ. விலை குறைஞ்ச கனக்க ரவுட்டர்களில, ஆக்செஸ் பொயின்ற் மோடுக்கு மாத்தினால் கெஸ்ட் பேர் மட்டும் வேறயா இருக்கும், உள்ளுக்கு எல்லாம் ஒண்டு.

இன்னொரு ரவுட்டர் வாங்க ஏலுமெண்டால் வழி இருக்கு. பைபர் ரவுட்டரையும் பின் ஆக்செஸ் பொயின்றையும் வாடகைக்கும் கமராவுக்கும் விடுங்கோ. புது ரவுட்டரை முன்னுக்கு வைச்சு, பைபர் ரவுட்டரில இருந்து வாற கேபிளை இந்த முறை வான் ஓட்டையில குத்தி, உள் முகவரி 192.168.10.1 எண்டு வையுங்கோ. வீட்டு லப்டொப், பிரின்டர், போன் எல்லாம் அதுக்குள்ள. உள்ளுக்கு இருந்து வெளியைப் பாக்கலாம், வெளியில இருந்து உள்ளுக்கு வர ஏலாது. மாறி வைச்சால், அதாவது வாடகைக்காரரை உள் ரவுட்டரில விட்டால், அவையளுக்குத்தான் உங்கட பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். கனபேர் பிழைக்கிறது இதிலதான். வீட்டு ஆக்கள் பின் அறைக்குப் போனால் வெளி வைஃபையில ஏறவேணும், அந்தக் கரைச்சல் ஒண்டு இருக்கு.

யூபிஎன்பியையும் (சாதனங்கள் தாங்களா ரவுட்டரில வழி திறக்கிற வசதி) நிப்பாட்டுங்கோ, இல்லாட்டிக் கமரா கேக்காமலே வெளி உலகத்துக்குக் கதவு திறந்து விடும்.

கொக்குவில்கிளி:
நன்றி அண்ணைமார். பாஸ்வேர்ட் மாத்தி, டபிள்யூபிஎஸ்ஸையும் நிப்பாட்டியாச்சு. வாங்கின ரிப்பீட்டரை எறியிறதோ? பின் கிணத்தடிப் பக்கம் தனியா ஒரு அறை இருக்கு, அங்கையும் கேபிள் இழுக்கலாமோ?

கம்பிவழி:
ரிப்பீட்டரின்ர அடியில லான் ஓட்டை இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்து, செட்டிங்கில ஆக்செஸ் பொயின்ற் மோடும் இருந்தால், அதையே பின் அறைக் கேபிளில குத்துங்கோ, வேற ஒண்டும் வாங்கத் தேவையில்லை.

கிணத்தடி அறை தனிக் கட்டிடம். இரண்டு கட்டிடத்துக்கு இடையில செம்புக் கேபிளை வெளியால விட்டால், ஐப்பசி இடிமழைக்கு இரண்டு பக்கப் பெட்டியும் சேர்ந்து போகும். கிட்ட மின்னினாலே காணும், நேர விழத் தேவையில்லை. அந்தத் துண்டுக்கு மட்டும் பைபர் கேபிளும் இரண்டு மீடியா கொன்வேர்ட்டரும் (செம்புச் சிக்னலை ஒளியாவும் ஒளியைத் திருப்பியும் மாத்திற பெட்டி) போடுங்கோ. கண்ணாடியால மின்சாரம் கடக்காது. இரும்புக் கம்பி சேர்த்த பைபர் மட்டும் வாங்காதேங்கோ.